சீப்ரூக்கிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டியன் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. ஊர்ச் செய்தி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கியாமே, இருட்டிய பிறகு வெளியே போகாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டதாகச் செல்வியும் சொன்னாள். இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

துப்பாக்கி இங்கே சாதாரணம்தான். சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயதுக்காரர் கைத்துப்பாக்கியோடு நடமாட, 2021 செப்டம்பர் முதல் நான் இருக்கும் இந்த டெக்சஸ் மாநிலத்தில் உரிமம்கூட வேண்டாம். நான் பால் வாங்கும் கடைக் கதவில், ஆயுதத்தோடு உள்ளே வரக்கூடாது என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல உயர எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒட்டியோ நேரில் சொல்லியோதான் தடுக்க முடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். என் குப்பைத் தொட்டியையும் அவரே உள்ளே இழுத்து வைப்பார். ஆனால் சனிக்கிழமை காலையில் நாலைந்து பேர் ராணுவ உடுப்பு மாதிரி அணிந்து வருவார்கள். நீளமான பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லோருமாகப் போவார்கள். ஒருவரும் ராணுவத்தில் இல்லை. முதலில் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

படகுத்துறையில் இறால் விற்கும் வியட்நாம்காரப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். நான் தலையோடு இறால் கேட்பதால் அவருக்கு என்மேல் தனிப் பிரியம். எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். அன்று தராசை ஒதுக்கி வைத்துவிட்டு 1981இல் நடந்ததைச் சொன்னார்.

1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர் பலர் இந்தக் கால்வெஸ்டன் விரிகுடாவில் இறால் பிடிக்க இறங்கினார்கள். உள்ளூர் வெள்ளை மீனவர்களுக்குப் பொறுக்கவில்லை. கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் உள்ளே புகுந்தது. சான்டா ஃபே என்ற ஊரில் கூட்டம் போட்டு ஒரு படகைக் கொளுத்திக் காட்டினார்கள். மார்ச் மாதம் அங்கியும் துப்பாக்கியுமாக ஒரு படகில் ஏறி, தூக்கில் தொங்கும் உருவபொம்மையோடு விரிகுடாவைச் சுற்றி வந்தார்கள். 'டெக்சஸ் எமர்ஜென்சி ரிசர்வ்' என்ற பெயரில் தனிப்படையே வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெரியவரின் அப்பா படகில் 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டிவிட்டாராம். கடலில் துப்பாக்கியைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அப்பா.

ஆனால் வியட்நாமிய மீனவர் சங்கம் ஓடவில்லை, கிளான்மேல் வழக்குப் போட்டது. விசாரித்தவர் காப்ரியல் மெக்டொனால்ட், டெக்சஸின் முதல் கறுப்பின ஃபெடரல் (மத்திய அரசு நீதிமன்ற) நீதிபதி. மே மாதம் இறால் பருவம் தொடங்குவதற்கு முன்பே, மீனவர்களை மிரட்டக்கூடாது என்று உத்தரவிட்டார். 1982இல் அந்தத் தனிப்படையின் ராணுவப் பயிற்சிக்கும் தடை போட்டார்.

அமெரிக்க அரசியலமைப்பே ஆயுத உரிமை கொடுத்திருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். 1791இல் வந்த இரண்டாம் திருத்தம் கொடுக்கத்தான் செய்கிறது. அதில் மக்கள்படையைப் பற்றியும் இருப்பதால், நாங்களும் அந்தப் படைதான் என்று சிலர் கிளம்புகிறார்கள். அந்தப் படை அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டது. சிகாகோவில் ஜெர்மானியத் தொழிலாளர்களைத் துப்பாக்கியோடு அணிவகுத்து நடத்திய ஹெர்மன் பிரெஸ்ஸருக்கு 10 டாலர் அபராதம் விதித்தது செல்லும் என்று 1886லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்ட தொழிலாளர்கள் தற்காப்புக்காகத் திரண்டார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் இரக்கம் உண்டு. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். தனிமனிதர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று உறுதி செய்த 2008 தீர்ப்பும் தனிப்படைகளைத் தடைசெய்வதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் அதற்கு எதிராக விதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது அவர் உரிமை. ஆள் சேர்த்து அதிகாரம் செலுத்தக் கிளம்பினால் அது உரிமையில் சேராது. ஆனால் சட்டம் தானாக எழுந்து வராது. அந்த மீனவர்களைப்போல் யாராவது வாசற்படி ஏறிக் கேட்கவேண்டும்.

அன்று வாங்கிவந்த இறாலில் தொக்கு வைத்தேன். புளி, மிளகாய் எல்லாம் கிடைக்கிறது. அம்மா கைப்பக்குவம் வரவில்லை. எனக்கு இங்கே நண்பர்கள் நிறைய உண்டு, பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் துறைக்குப் போய், கடைசிப் படகு சரக்கு இறக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். டீசல் வாடையும் வலை வாடையும் சேர்ந்து வரும்போது அக்கரைப்பேட்டையில் உங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். உடனே கிளம்பி வந்துவிடலாமா என்று தோன்றும், அப்பா.

அது போகட்டும். இந்த மாதப் பணம் பத்து தேதிக்குமேல்தான் வரும். வங்கியில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்; மெக்கானிக் கூலியை நான் அனுப்புகிறேன். செல்விக்கு வந்திருக்கும் காரைக்கால் வரனைப் பற்றிப் பெரியத்தையிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். சித்தப்பா நீட்டும் பங்குப் பத்திரத்தில், நான் அவரோடு பேசும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
முருகன்