ஊறுகாய் விற்க நூறு ரூபாய்ப் பதிவு போதும், சிக்கல் லேபிளில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலிருந்தபடியே பொடியும் ஊறுகாயும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரைகள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. முதலீடு, லாபம், வாட்ஸ்அப் குழு எல்லாம் விரிவாக இருக்கும். சட்டம் என்று வந்தால் ‘எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வாங்கிக்கொள்ளுங்கள்’, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் இருப்பதை யாரும் விளக்காததால், நூறு ரூபாய் வேலைக்கு இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

கடை இல்லை, போர்டு இல்லை, தெரிந்தவர்களுக்குத்தானே கொடுக்கிறோம் என்ற வாதம் செல்லாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, லாபம் வருகிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. உணவைத் தயாரித்தோ, பொட்டலமிட்டோ, விற்றோ தொழில் செய்தால் அது உணவு வணிகம். சமையலறையில் நடந்தாலும் அப்படித்தான். ஆனால் சிறியவர்களுக்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. 2011-இல் வந்த விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்றன. இது லாபக் கணக்கு அல்ல, மொத்த விற்பனைக் கணக்கு. அந்தக் கணக்கில் மாதம் ஒரு லட்சத்துக்கு விற்றாலே வரம்பைத் தொட்டுவிடும். வரம்புகள் திருத்தப்படக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் ‘ஃபாஸ்காஸ்’ என்ற அரசுத் தளத்தில், படிவம் ஏ. புகைப்படம், அடையாளச் சான்று, தொழில் நடக்கும் முகவரிக்கான சான்று ஆகியவை வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்த நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பம் வந்த 7 நாளில் அதிகாரி பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும். 7 நாளில் இவற்றில் எதுவுமே நடக்கவில்லை என்றாலோ, ஆய்வுக்கு உத்தரவிட்டு 30 நாளில் முடிவு வரவில்லை என்றாலோ, தொழிலைத் தொடங்கலாம் என்று விதிமுறையே சொல்கிறது. இடைத்தரகர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, தொழில் வகையைத் தேர்வதில். பொடி அரைப்பவர் ‘சில்லறை விற்பனை’ என்று குறித்துவிடுகிறார், அவர் உற்பத்தியாளர். மதியச் சாப்பாடு கட்டித் தருபவர் உணவுச் சேவையில் வருவார். முறுக்குக்குப் பதிவு வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து கோழி ஊறுகாய் போட ஆரம்பித்தால், அந்த உணவு வகையையும் பதிவில் சேர்க்க வேண்டும். கிடைப்பது 2-இல் தொடங்கும் 14 இலக்க எண். வாங்குகிறவர்கள் அதே தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். எண் இருப்பதால் பண்டம் சோதிக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. யார், எங்கே செய்கிறார் என்பது அரசுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இனி லேபிள். 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள் ஆலைக்கும் அடுப்பங்கரைக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்கும் எதற்கும் பண்டத்தின் பெயர், எடையில் அதிகமானது முதலில் வரும் வரிசையில் சேர்மானங்கள், சைவ அல்லது அசைவக் குறி, நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்தோடு பதிவு எண் ஆகியவை வேண்டும். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் நல்லது’ என்று மட்டும் போடுவது இப்போது போதாது. காலாவதித் தேதி கட்டாயம். முட்டை சேர்த்த கேக்குக்கு அசைவக் குறி போட வேண்டும். அந்தக் குறி பழுப்புச் சதுரத்துக்குள் வட்டமாக இருந்தது, இப்போது முக்கோணம். பழைய படத்தை இணையத்தில் எடுத்து அச்சடித்தவர்கள் மாற்றிக்கொள்ளவும்.

ஒவ்வாமைக் குறிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேர்க்கடலை, பால், மீன், சோயா எல்லாம் நினைவுக்கு வரும். சாம்பார் பொடியில் கோதுமை எங்கே வந்தது? பெருங்காயத்தில். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்து, இருந்தால் உங்கள் லேபிளிலும் எழுத வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணையிலிருந்து மசாலாக் கலவைகளுக்கு விலக்கு உண்டு. முறுக்குக்கும் தொக்குக்கும் இல்லை. அதற்காக ஆய்வகத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுக் கூறு அட்டவணையை வைத்துச் சேர்மான எடைக்கேற்பக் கணக்கிடலாம். பொரித்த பண்டத்துக்கு, எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்காவிட்டால் கொழுப்புக் கணக்கு தப்பும்.

இதோடு முடியவில்லை. விலையும் எடையும் வேறொரு சட்டம், வேறொரு துறை. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண், ஓர் அலகின் விலை ஆகியவையும் அச்சாக வேண்டும். 250 கிராம் 150 ரூபாய் என்றால் ‘கிராமுக்கு ரூ.0.60’ என்று போட வேண்டும். பொட்டலமிடுபவர் 500 ரூபாய் கட்டித் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. வீட்டுத் தொழில் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது.

ஆளைத் தூக்கிவாரிப்போடும் விஷயம் இன்னொன்று. கட்டாயக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். மற்ற மொழிகளைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம். பரமக்குடியில் அரைத்த பருப்புப் பொடியை பரமக்குடியிலேயே விற்றாலும், தமிழில் மட்டும் எழுதிய லேபிள் சட்டப்படி குறையுள்ள லேபிள். தவறான லேபிளுக்கு அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். உள்ளூரில் மட்டும் விற்கும் பண்டத்துக்கு மாநில மொழி போதும் என்று திருத்துவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

லேபிளைப் போல அல்லாமல், தரக் கட்டளைகளில் பெரும்பாலும் காரணம் உண்டு. எண்ணெய் ஊறுகாயில் எண்ணெய் பண்டத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் நிற்க வேண்டும், அல்லது மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. உப்புநீர் ஊறுகாயில் உப்பு 12 விழுக்காடு, வினிகர் ஊறுகாயில் அமிலம் 2 விழுக்காடு, இவை குறைந்தபட்ச அளவுகள். எண்ணெய் காற்றை மறைப்பதால் பூஞ்சணம் தடைபடும். ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும். அதைத் தடுப்பது புளிப்பு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். மாங்காயும் எலுமிச்சையும் தாமே புளிப்பு. பூண்டு அப்படி இல்லை. புளியும் எலுமிச்சைச் சாறும் குறைத்து ‘காரம் மட்டும்’ என்று போடும் பூண்டு ஊறுகாய்தான் உண்மையில் ஆபத்து. ஒரு பி.எச். தாளோ சிறு மீட்டரோ வாங்கிவைத்து ஒவ்வொரு தொகுதியையும் பார்த்து நோட்டில் எழுதிவிடலாம். பொரிக்கும் எண்ணெயிலும் கவனம் வேண்டும்: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு உண்டாகும் ‘மொத்த துருவச் சேர்மங்கள்’ 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி.

சத்துமாவு விற்பவர்கள் விளம்பர வாசகத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று எழுதினால் தவறான விளம்பரம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. ‘6 மாதக் குழந்தை முதல் கொடுக்கலாம்’ என்பது அதைவிடச் சிக்கல். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவை விளம்பரப்படுத்துவதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குடும்பத்துக்கான கஞ்சி மாவு என்று விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சில்லறைச் சங்கதிகள் இரண்டு. 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, வணிக இணைப்பு வேண்டும். செய்தித்தாளில் உணவைப் பொதிவது 2019 ஜூலை முதல் தடை. தங்கள் நாளிதழுக்கும் இதில் விலக்கில்லை.

அதிகாரி வந்துவிட்டால் பதற வேண்டாம். குறை இருந்தால் எழுத்தில் மேம்பாட்டு அறிவிப்பு தர வேண்டும், சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. மாதிரி எடுத்தால் விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் செலவில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அங்கேயே, அப்போதே கேட்க வேண்டும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. மாவட்டங்களில் பதிவு முகாம் நடத்தும்போது உணவுப் பாதுகாப்பு அலுவலரோடு தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரையும் உட்கார வைக்க வேண்டும். இட்லி மாவு, சாம்பார் பொடி, மாங்காய் ஊறுகாய், முறுக்கு, அதிரசம் போன்ற பத்துப் பன்னிரண்டு பண்டங்களுக்கு இரு சட்டங்களுக்கும் பொருந்தும் மாதிரி லேபிளை ஆங்கிலமும் தமிழும் கலந்து தயாரித்து, எடையையும் தேதியையும் மட்டும் நிரப்பினால் போதும் என்ற நிலையில் இலவசமாகத் தர வேண்டும். அதுவரை தங்கள் இதழின் மகளிர் பக்கத்தில் வாரம் ஒரு பண்டத்தின் லேபிளையாவது வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறுதொழில் பதிவு ஆலோசகர்,
மதுரை