பீரோவில் இருந்த புத்தகம்

புதுக்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். டப்ளினில் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து மெதுவாகப் படி.

பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறது என்று ஐந்து புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? ஐந்தையும் படித்து முடித்துவிட்டேன். நீ போன வாரமே அட்டைகளைப் பார்த்துவிட்டு உன்னிடம் சத்தம் போட்டேன். வாள், ரத்தம், இருட்டு, இதையெல்லாம் இந்த வயதில் எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டேன். "படிச்சுட்டுச் சொல்லும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அந்தக் கோபத்தில்தான் முதல் புத்தகத்தை எடுத்தேன். வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், இங்கிலீஷ் கதை எனக்கு மெதுவாகத்தான் நகரும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது பக்கம் படித்தேன். அப்புறம் இருபது நாற்பதானது. ஒரு நாள் குக்கர் விசில் அடங்கி வெகுநேரம் ஆனதுகூடத் தெரியவில்லை.

முதலில் படித்தது சாரா ஜே. மாஸ் 2015இல் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்'. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே இது தெரிந்த கதையாக இருக்கிறதே என்று தோன்றியது. அழகியும் மிருகமும் கதைதான் அடியில் இருக்கிறது. பிரான்சில் வில்நவ் என்ற பெண்மணி 1740இல் எழுதியதை, போமோன் என்ற இன்னொரு பெண் 1756இல் சிறுமிகளுக்காகச் சுருக்கி எழுதினார். அப்பா ஒரு ரோஜாவைப் பறிக்கிறார், அதற்கான விலையை மகள் கொடுக்கிறாள். முன்பின் தெரியாத ஆணோடு கல்யாணம் பேசி அனுப்பப்படும் பெண்களுக்குத் தைரியம் சொல்லவே அந்தக் கதை எழுதப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. உன் அப்பாவை நான் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பஜ்ஜித் தட்டோடு.

இந்த நாவலில் ஃபேரா என்ற பெண் வேட்டையாடித்தான் வீட்டுக்குச் சோறு போடுகிறாள். அம்மா சாகும்போது, குடும்பத்தைப் பார்த்துக்கொள் என்று அந்தப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கிவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் படித்தபோதே எனக்கு என்னவோ செய்தது. ஆனால் என்னைப் புத்தகத்தை மூட வைத்த விஷயம் வேறு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கொடிய அரசி ஒருத்தி மலைக்கு அடியில் அவளுக்கு வைக்கும் சோதனைகளில் இரண்டாவதில், சுவரில் எழுதியிருக்கும் விடுகதையைப் படித்தால்தான் உயிர் தப்பலாம். அவள் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு உன் அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. மணியார்டர் வந்தால், கைநாட்டு வைக்க வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். நான்தான் வாசலுக்குப் போய் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஊர் ஊராகப் பெண்கள் ராத்திரியில் விளக்கு வைத்துப் படித்தார்கள், அதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அம்மாச்சிக்கு "பட்டா, படி" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அவள் முதன்முதலில் படித்தது பஸ்ஸின் பெயர்ப்பலகை. "அறந்தாங்கி" என்று சத்தமாகப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாவலின் அடுத்த பாகத்தில் ரீசாண்ட் என்ற தேவதைக்குலத் தலைவன் ஃபேராவை உட்காரவைத்து எழுதப் படிக்கப் பழக்குகிறான். அந்தக் காதல் எனக்கு நம்பும்படி ஆனது அங்கேதான், முத்தத்தில் இல்லை.

அந்த இரண்டாம் பாகத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் பாகத்தில் மிருக உருவில் வந்து ஃபேராவைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோன டாம்லின் அவளை உண்மையாகவே நேசிக்கிறான். அவளுக்காக உயிரையும் கொடுப்பான். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில் வெளியே போக வேண்டாம் என்கிறான். அவள் கேட்காமல் கிளம்பப் பார்க்கும்போது வீட்டைச் சுற்றி மந்திரத்தால் பூட்டுப் போட்டுவிட்டுப் போகிறான். அவள் மூச்சு முட்டித் தரையில் சுருண்டு கிடக்கிறாள். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன், பாப்பா. ராட்சசர்கள் வந்த எந்த இடமும் எனக்கு அவ்வளவு இருட்டாக இல்லை.

நீ பிளஸ் டூ படிக்கும்போது நானும் பூட்டினேன். பொங்கலுக்குச் சேர்ந்த காசில் நீ வாங்கிய புத்தகம் அது. கறுப்பு அட்டையில் இரண்டு கைகள் ஒரு சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருக்கும். பரீட்சை முடியட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நீ அழவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. பிள்ளை புரிந்துகொண்டாள் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். பரீட்சை முடிந்தது, ரிசல்ட் வந்தது, நானும் மறந்துபோனேன். நீ மறக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்து, ரெபெக்கா யாரோஸ் 2023இல் எழுதிய 'ஃபோர்த் விங்'. உலகம் முழுக்கப் பெண்கள் இந்த வரிசைக்காகக் கடை வாசலில் நடுராத்திரியில் நின்றார்களாம். மூன்றாம் பாகம் எப்போது வந்தது என்று நீயே குழம்பிக்கொண்டிருந்தாய். அது 2025 ஜனவரியில் வந்து ஒரே வாரத்தில் 27 லட்சம் பிரதி விற்றிருக்கிறது. டிராகனுக்காகத்தான் இவ்வளவு கூட்டம் என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தேன். நாயகி வயலட்டுக்கு ஆசையெல்லாம் அப்பாவைப் போலப் புத்தகங்களோடு இருக்க வேண்டும், ஏடு எழுதுபவளாக ஆக வேண்டும் என்பதுதான். அவளுடைய அம்மா ஜெனரல், அந்தப் போர்க்கல்லூரிக்கே தலைமை. மகளின் மூட்டெல்லாம் சட்டென்று நழுவும், எலும்பு சீக்கிரம் உடையும். அப்படியிருந்தும் டிராகன் வீரர்கள் பிரிவில்தான் சேர வேண்டும் என்று உத்தரவு போடுகிறாள். முதல் நாளே, கைப்பிடி இல்லாத ஒரு குறுகிய கல் பாலத்தில் நடந்து போக வேண்டும், தவறினால் கீழே சாவு. (இதை எழுதிய யாரோஸுக்கே மூட்டுகள் நழுவும் அந்த நோய் இருக்கிறது. அதனால்தான் வயலட்டின் வலியில் ஒரு வரிகூடப் பொய்யாக இல்லை.)

அந்தப் பாலத்தைப் படிக்கும்போது எனக்குக் கவுன்சிலிங் நாள் ஞாபகம் வந்தது. பெரிய திரையில் கல்லூரிகளின் பெயரும் காலி இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நீ ஹிஸ்டரி படிக்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாய். மூன்றாவது தடவை சொல்லவில்லை. எதை அமுக்க வேண்டும் என்று நான் சொன்னேன், நீ அமுக்கினாய். நான்கு வருஷம் படித்தாய், நல்ல வேலை, வெளிநாடு, எல்லாம் சரி. ஊரில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கு ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் அந்த ஜெனரல் மகளுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கிறாள். நீ அந்த இடத்தில் அழுதிருப்பாய், நானும் அழுதேன். இருந்தாலும் அதற்காக அவளை என்னால் முழுதாக மன்னிக்க முடியவில்லை. உயிரைக் கொடுக்கத் துணிந்தவளுக்கு முதல் வருஷமே மகளை உட்காரவைத்துப் பேச ஒரு மணி நேரம் கிடைக்காமலா போனது? நம் வீடுகளிலும் இப்படித்தான். பிள்ளைக்காக நகையை விற்போம், பட்டினி கிடப்போம். தப்புப் பண்ணிவிட்டேன் என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. எனக்கு வரட்டும். புத்தகத்தைப் பூட்டி வைத்ததும், உன்னைக் கேட்காமல் உன் படிப்பை முடிவு செய்ததும் தப்பு. என்னை மன்னித்துவிடு, கண்ணு.

எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. முதல் பாகத்தில் அதே ரீசாண்ட், ஃபேராவுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து எல்லோர் முன்னாலும் ஆடவைக்கிறான். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு காரணம் சொல்கிறான். நான் ஏற்கவில்லை. டாம்லினும் அதே காரணத்தைத்தானே சொன்னான்? இன்னும் சில புத்தகங்களில் கடத்திக்கொண்டு போனவனே நாயகன் என்று நீ சொன்னாய். கற்பனையில் படிப்பது வேறு, வாழ்க்கை வேறு என்றும் சொன்னாய். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவை எனக்கு வேண்டாம். அம்மாச்சி சொன்ன அல்லி அரசாணி கதையே எனக்குப் போதும். ஆணே வேண்டாம் என்று மதுரையை ஆண்டவளிடம் அர்ச்சுனன் பாம்பாக உள்ளே போய், தூங்கும்போது தாலி கட்டிவிடுவான். சின்ன வயதில் அதைக் கேட்டுவிட்டு நாங்கள் சிரித்தோம். யாரும் எங்களுக்கு முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. 'ஃபோர்த் விங்' முதல் பக்கத்திலேயே இதில் போர், ரத்தம், இன்னின்ன இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அது நல்ல பழக்கம்.

அந்த மாதிரிப் பக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் வேகமாகப் புரட்டிவிட்டேன். அப்புறம் வீட்டில் யாரும் இல்லாதபோது திரும்பிப் போய்ப் படித்தேன். அவளுக்குச் சம்மதமா என்று கேட்கிறான், அவள் வேண்டாம் என்றால் நிறுத்துகிறான். பொட்டப்பிள்ளை ஆசையைச் சொல்லலாம், வேண்டாமென்றும் சொல்லலாம் என்பதை நான் உனக்குச் சொல்லித் தந்ததே இல்லை. நீ இப்படிப் புத்தகத்தில் கற்றுக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதிதான்.

ஒரு சந்தேகம். ஹோலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' கதையில் அந்தத் தேவதைச் சனங்களால் பொய் சொல்லவே முடியாது. மாஸ் கதையில் பொய் சொல்கிறார்கள், இரும்புக்கும் பயப்படுவதில்லை, சாம்பல் மரத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். இரும்பு என்றதும் எனக்கு ஆச்சரியம். கறிச்சோறு எடுத்துக்கொண்டு ராத்திரியில் போனால் அம்மாச்சி ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைத்துத்தான் அனுப்புவாள். நீ இருக்கும் நாட்டில் உண்மையாகவே என்ன சொல்வார்கள்? 1999இல் அங்கே கிளேர் பகுதியில் ஒரு ஒற்றை முள்மரம் தேவதைகளுடையது என்று சொல்லி, நெடுஞ்சாலையையே அதைச் சுற்றிப் போகும்படி போட்டார்களாமே. முனீஸ்வரன் மரத்தில் கைவைக்க நம் ஊரில் ஆள் கிடைக்காத மாதிரிதான் போலிருக்கிறது. உன்னோடு வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர்கள் யாரிடமாவது கேட்டு எழுது.

அடுத்த பாகங்களை வாங்கி வை. தபாலில் அனுப்ப வேண்டாம், செலவு அதிகம், வரும்போது கொண்டு வா. நீ எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டதாகச் சொன்ன கதையையும் கொண்டு வா, வேறு யாருக்கும் காட்ட மாட்டேன்.

பீரோவைச் சுத்தம் செய்தபோது அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம் கிடைத்தது. பட்டுப்புடவைகளுக்கு அடியில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. ஓரம் லேசாகப் பழுத்திருக்கிறது, பூச்சி அரிக்கவில்லை. உன் மேஜையில் எடுத்து வைத்திருக்கிறேன். நடுவில் அடையாளத்துக்கு நீ ஒரு டவுன் பஸ் டிக்கெட் செருகியிருந்தாய். அதை நான் எடுக்கவில்லை.

அன்புடன்,
அம்மா