முடிவுக்கோட்டில் உதவிய அக்காவுக்கு நன்றி

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் நடந்த மாரத்தானில் முடிவுக்கோட்டில் தன்னார்வலராக நின்றிருந்தேன். 42.195 கிலோமீட்டர் ஓடிய ஒருவர் கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார். ஒரே கூச்சல். எனக்குக் கை நடுங்கியது.

கூட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மூச்சையும் நினைவையும் பார்த்துவிட்டு, "மக்ளே, பதறாத. கால தூக்கிப் பிடி, மத்தவங்கள வெலகச் சொல்லு" என்றார். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வருமாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் விஷயம் வேறு, உடனே குளிர்ந்த நீர் ஊற்றி ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றார். (அந்த நேரத்திலும் பாடம்!)

விழுந்தவர் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்தார். மருத்துவக் குழு வருவதற்குள் அக்காவைக் காணோம். நர்ஸாக இருப்பாரோ என்னவோ.

அக்கா, ரொம்ப நன்றி. அப்புறம் கடைசி ஆள் வரும்வரை பதறாமல் நின்றேன்.