‘நியாயமாகவே’ என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தில்லி ஜங்க்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை இடித்தது பற்றிச் சென்ற இதழில் வந்த செய்தி, ‘வீடுகள் சட்டப்படி, நியாயமாகவே அகற்றப்பட்டன’ என்று முடிகிறது. ‘சட்டப்படி’ வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவு இருந்தது. பாராபுல்லா வடிகால் அடைபட்டு மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது என்று காரணமும் சொன்னார்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘நியாயமாகவே’ என்று யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

370 வீடுகளில் 189க்குத்தான் மாற்று வீடு, அதுவும் எங்கோ நகரின் வடகோடியில் நரேலாவில், என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் மிச்சப் பட்டியலில் இருக்கிறார். கல்யாணமாகி விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் அந்த வடிகால் ஓரம்தான் அவருக்கு வீடு. ஜவுளிக்கடைப் பை ஒன்றில் காகிதங்களைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, மகளின் பள்ளிச் சான்றிதழ். மாற்று வீடு பெற 2015 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்திருக்க வேண்டும்; அதற்கு வாக்காளர் அட்டையும் இருக்கிறது. அதில் கணவர் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டாராம். ‘ஓட்டுப் போட்டபோது இந்த எழுத்தை யாரும் பார்க்கவில்லையே, சார்’ என்றார். அவருக்குத் தாங்களே பதில் சொல்லுங்கள்.

இதே தில்லியில் 1,731 அங்கீகாரமற்ற காலனிகளில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு உரிமை தர 2019இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. தெற்கு தில்லியில் பணக்காரர்கள் வசிக்கும் சைனிக் ஃபார்ம்ஸ் பங்களாக்களுக்கு அங்கீகாரம் கிடையாது. வீடுகள் கம்பீரமாக நிற்கின்றன. அவ்வளவு ஏன், லஜ்பத் நகரில் என் மூன்றாம் மாடி பால்கனியை அடைத்துப் பூஜை அறை ஆக்கி இருபது வருடம் ஆகிறது. அனுமதி வாங்கவில்லை. பிள்ளையார் உட்பட ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

இந்தச் ‘சட்டப்படி’யை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், பழைய தில்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்தபோது நான் இங்கே எழுத்தராகச் சேர்ந்த புதிது. அலுவலகத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கோப்பைப் புரட்டினோம், நானும்தான். நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவரின் கையெழுத்து இருந்ததே, வேறென்ன வேண்டும்? காரணமில்லாமல் சிறையில் அடைத்தாலும் முறையிட முடியாது என்று அதே மாதம் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்த ஒருவர் எச்.ஆர். கன்னா. அவருக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமல் போனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று. நீதிமன்றத்துக்கே 41 வருடம் பிடித்தது. தங்கள் நிருபர் ஒரே மாலையில் நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணகியை நான் இதில் இழுக்கப்போவதில்லை.

அடுத்த இதழில் ‘நியாயமாகவே’ என்ற சொல்லை நீக்கி ஒரு திருத்தம் போடுங்கள், போதும். போன வருடம் ரயில் முன்பதிவு பற்றி நான் எழுதியதை நான்கு வரியாக வெட்டி, என் ஊரையும் மாற்றிப் போட்டீர்கள். இதையாவது முழுதாகப் போடவும்.

தங்கள் பழைய சந்தாதாரர்,
லஜ்பத் நகர், புது தில்லி