இடிக்காமல் விட்டது சரி, அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாழடைந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்காமலே மீட்கலாம் என்று சொல்லும் இளம் கட்டடக் கலைஞரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் கட்டட மராமத்தில் காலம் தள்ளியவன் நான். அவர் சொன்னதில் பெரும்பகுதிக்குத் தலையாட்டினேன். ஓர் இடத்தில் மட்டும் நெருடியது.

தலையாட்டியதை முதலில் சொல்கிறேன். வரைபடம் போடுவதற்கு முன் அவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டாராம். கட்டுரை இதை இரண்டே வரியில் கடந்துவிட்டது. என் கணக்கில் பாதி வேலை அதுதான். பழைய கான்கிரீட் கட்டடம் பெரும்பாலும் தண்ணீரால்தான் சாகிறது. நல்ல கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மை உள்ளே உள்ள கம்பியைத் துருவிடமிருந்து காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். அதோடு ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ள, கான்கிரீட் பிளந்து விழுகிறது. தலைக்கு மேலிருந்து காரை பெயர்ந்து விழுந்தால் குடியிருப்பவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அதிகாரிகளும் உடனே "கட்டடமே போச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தால் தெரியும்: ஒழுகும் குளியலறைக்குக் கீழே உள்ள தளம் மட்டும் பொத்துப் பொத்தென்று சத்தம் கொடுக்கும், அடுத்த அறையில் கிண்ணென்று இருக்கும். எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அஸ்திவாரம் இறங்கியதையும், தூண் கம்பி பாதி கரைந்ததையும் பார்த்து நானே இடிக்கச் சொல்லியிருக்கிறேன். தட்டிப் பார்த்த பிறகு சொன்னேன், அவ்வளவுதான்.

கட்டுரையில் இது ஏதோ இப்போதுதான் முளைத்த யோசனை போலத் தொனித்தது. அப்படி இல்லை. பிரான்சில் ஆன் லகதோன், ழான் ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் பல வருடங்களாக இதையே செய்கிறார்கள். போர்தோ நகரின் கிரான் பார்க் பகுதியில் மூன்று பழைய கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். இடிப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டின் வெளிப்புறத்திலும் கண்ணாடி அடைத்த தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய 4 மீட்டர் அகலம், அதாவது கூடுதலாக ஓர் அறை. வேலை நடக்கும்போதும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள். அந்த வேலைக்கு 2019-ல் ஐரோப்பாவின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோஹே விருதும், 2021-ல் அந்த இருவருக்கும் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தன. அதே நகரில் 1996-ல் ஒரு சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தித் தரும்படி இவர்களைக் கேட்டிருக்கிறார்கள். போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது, சரளையை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், ஒழுங்காகப் பெருக்குங்கள்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். வந்த வேலையை வேண்டாம் என்ற ஆட்களை எங்கள் தொழிலில் நான் பார்த்ததில்லை!

நெருடலுக்கு வருகிறேன். பழைய குடியிருப்புகள் பாழானதற்கு வடிவமைப்புக் கோளாறே காரணம் என்றும், புதிய வடிவமைப்பு அதைத் தீர்த்துவிடும் என்றும் கட்டுரை முடிகிறது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட் ஐகோ என்ற அரசுக் குடியிருப்பு. மினோரு யமசாகி வடிவமைத்தது; 11 மாடியில் 33 கட்டடங்கள்; 1954-ல் ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1972-ல் வெடி வைத்துத் தகர்க்க ஆரம்பித்தார்கள். அந்தப் புகைமண்டலப் படத்தைக் காட்டி 'நவீனக் கட்டடக்கலை தோற்றது' என்பார்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது என்பது போன்ற தவறுகள் அதில் இருந்தது உண்மை. ஆனால் கட்டுவதற்குப் பணம் கொடுத்த அரசு, பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. நகரத்தை விட்டு ஆட்கள் வெளியேற, வீடுகள் காலியாக, வாடகை வரவு சுருங்கியது. உடைந்த கண்ணாடியும் நின்றுபோன லிஃப்ட்டும் அப்படியே கிடந்தன. அதைப் பார்த்து இன்னும் சிலர் கிளம்பினார்கள். 1969-ல் குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடும் அளவுக்குப் போனது. இதை எந்த வரைபடம் தடுத்திருக்கும்?

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. ஒரு குடியிருப்பில் தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்பு, புதுக் குழாய், புது வர்ணம் எல்லாம் செய்து சாவியைக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். மோட்டார் எரிந்து மாதக்கணக்காகியிருந்தது, தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் யார் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. எங்கள் ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சீர்செய்த பிறகு அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் கட்டுரை தொடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் கிளைபர்க் என்ற 400 மீட்டர் நீளக் கட்டடத்தை இடிக்கவிருந்தபோது, ஒரு குழு 1 யூரோவுக்கு வாங்கி, லிஃப்ட், நடைபாதை போன்ற பொது வேலைகளை மட்டும் முடித்து, வீடுகளின் உட்புறத்தை வாங்குபவர்களே செய்துகொள்ளும்படி விற்றது. கெட்டிக்காரத்தனமான திட்டம், 2017-ல் மீஸ் விருதும் கிடைத்தது. ஆனால் வாங்க முடிந்தவர்களுக்கான திட்டம் அது. இங்கிலாந்தில் லிவர்பூலின் கிரான்பி தெருக்களில் வேறு வழி பிடித்தார்கள். காலி வீடுகளுக்கு வர்ணம் பூசி, தெருவில் செடி வைத்து, இடிப்பை எதிர்த்து வருடக்கணக்கில் நின்றவர்கள் அங்கேயே இருந்த குடும்பங்கள். அவர்கள் சொந்தமாக ஒரு நில அறக்கட்டளை தொடங்கினார்கள். அசெம்பிள் என்ற இளம் வடிவமைப்பாளர் குழு அவர்களோடு பிறகுதான் வந்து சேர்ந்தது. 2015-ல் பிரிட்டனின் கலைப் பரிசான டர்னர் பரிசு அந்தக் குழுவுக்குக் கிடைத்தது. இடிபாட்டுக் கற்களை அரைத்துக் கணப்பு மாடம் செய்ததைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அறக்கட்டளையின் வீடுகளில் விலையும் வாடகையும் அதன் கட்டுப்பாட்டில் இருப்பதால், சுற்றிலும் விலை ஏற ஏறப் பழைய ஆட்களை எளிதில் விரட்ட முடியாது. அதைச் சொன்னவர்கள் குறைவு.

உங்கள் நிருபர் அந்த இளைஞரை மறுபடி சந்தித்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ராத்திரி லிஃப்ட் நின்றால் நாலாவது மாடியில் இருக்கும் பாட்டி யாருக்குப் போன் போட வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? அவர் கதவைத் தட்டிய வீடுகளில் இன்று எத்தனையில் அதே குடும்பம் இருக்கிறது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்