பின்பக்கத்தைப் படிக்கும் வக்கீல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ மாணவர்களுக்கான தங்கள் வழிகாட்டிப் பக்கத்தில் சட்டப் படிப்பு பற்றி வந்ததைப் படித்தேன். வணிக ஒப்பந்த வக்கீல் என்றால் சென்னையிலோ பெங்களூருவிலோ கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர் என்பதுபோல எழுதியிருந்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஜெராக்ஸ் கடை மாடியில், 19 வருஷமாக நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன்.

போன மாங்காய் சீசன் முடிந்ததும் மாங்கூழ் ஆலைக்காரர் ஒருவர் மஞ்சப்பை நிறைய பேப்பரோடு வந்தார். வெளிமாநில வியாபாரி நாலு லோடு கூழை எடுத்துக்கொண்டு, ‘தரம் சரியில்லை’ என்று பணத்தை நிறுத்திவிட்டார். பர்ச்சேஸ் ஆர்டரைத் திருப்பினேன். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: ‘சரக்கு வாங்குபவரின் திருப்திக்கு உட்பட்டது.’ அதற்குக் கீழே, ‘தகராறு எதுவானாலும் மும்பை நீதிமன்றத்தில் மட்டும்.’

“பின்னாடியெல்லாம் யாரு மேடம் படிக்கிறாங்க?” என்றார்.

திருப்திக்கு ஏது அளவு? பெங்களூரா ரக மாங்கூழ் என்றால் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) 14-க்குக் குறையக்கூடாது, சோதனை இன்ன லேபில், குறை இருந்தால் சரக்கு இறங்கி ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த மூன்று வரி இருந்திருந்தால் அவர் என் படி ஏறியிருக்கவே வேண்டாம். கடைசியில் பேசிப் பேசி முக்கால் பங்கு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ‘மட்டும்’ சாதாரணச் சொல் இல்லை. சேலத்து நிறுவனம் ஒன்றின் வழக்கில், தகராறு குஜராத் கைரா நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்ற ஷரத்தில் ‘மட்டும்’ இல்லாததால், கைராவோடு சேலம் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-ல் வந்த இன்னொரு தீர்ப்போ, அந்தச் சொல் இல்லாவிட்டாலும் மற்ற ஊர் நீதிமன்றங்களின் கதவு அடைபடலாம் என்றது. என் ஜூனியர்களுக்கு முதலில் இந்த இரண்டையும்தான் படிக்கக் கொடுப்பேன்.

ஓசூர் லேத் பட்டறைக்காரர்கள் கதை வேறு. வாங்குபவர் பணம் தர 90 நாள் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பணம் வராமல் 120-வது நாளில் என்னிடம் வருவார்கள். 2006-ம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுதிக் கொடுத்தாலும் தவணை 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறுதொழில் என்று அரசிடம் பதிந்த உத்யம் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். பில்லில் அந்த நம்பர் இருக்காது.

தருமபுரி அரசு சட்டக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கவுன் மாட்டிக்கொண்டு வாதாடத்தான் ஆசை. நான் முதலில் கூழ் ஆலைக்கு அனுப்பி, ட்ரம்முக்கு எப்படி சீல் வைக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்வேன். சிலர் அதோடு திரும்பி வருவதில்லை. முதல் நாலைந்து வருஷம் வருமானமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது; அதையும் எழுதுங்கள்.

அடுத்த முறை இந்தப் பக்கமும் நிருபரை அனுப்புங்கள். மாடிப்படி செங்குத்து, பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.