நானுஓயா நீரோடைகளில் கிருமிநாசினி கலப்பதைத் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், நுவரெலியா.

அனுப்புவோர்:
நானுஓயாப் பகுதித் தோட்டக் குடியிருப்பாளர்களும் மரக்கறிச் செய்கையாளர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி அவர்களுக்கு,

கொழும்பிலும் கண்டியிலும் அன்றாடம் சமைக்கும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கில் நல்ல பங்கு எங்கள் மாவட்டத்தில் விளைகிறது. அவற்றுக்கு அடிக்கும் கிருமிநாசினி மருந்து முதலில் வந்து சேர்வது நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத்தான்.

மழையும் பனிமூட்டமும் விடாத மாதங்களில் உருளைக்கிழங்கு இலை சட்டென்று கருகிவிடும். அதற்கு அடிக்கும் மென்கோசெப் இலையின் மேலேயே படிந்து நிற்கும் மருந்து. பெருமழை பெய்தால் கழுவுண்டு போகும், மறுபடி அடிக்கத்தான் வேண்டும். சரிவான நிலம் என்பதால் மேல்மண்ணோடு மருந்தும் ஓடைக்கு இறங்கிவிடுகிறது.

இதைவிட வேதனை ஓடைக்கரையில் நடப்பது. தண்ணீர் கிட்ட இருக்கிறது என்று அங்கேயே மருந்தைக் கலக்கிறார்கள், வேலை முடிந்ததும் டாங்கியையும் அங்கேயே அலசுகிறார்கள். வெற்றுப் போத்தல்களும் கிழிந்த பைக்கற்றுகளும் கல்லிடுக்கில் கிடக்கின்றன. சற்றுக் கீழே, லொறியில் ஏற்றப்போகும் கரட்டை அதே நீரில் கழுவுகிறார்கள். அதற்கும் கீழே எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் குளிக்கிறார்கள், வீட்டுக் குழாய்க்கும் அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. இந்த நீர் நானுஓயாவாகப் போய்க் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, கடைசியில் மகாவலியில் கலக்கிறது.

மருந்தையே தடை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரேயடியாக நிறுத்தியபோது பட்ட பாடு எங்களுக்குத் தெரியும், மரக்கறி போடுகிறவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஆபத்தான மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்த முடியும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு எண்டோசல்பான் என்ற பூச்சி மருந்தும் பரகுவாட் என்ற களைக்கொல்லியும் இந்த நாட்டில் தடை செய்யப்படவில்லையா? சட்டம் மருந்துக் கடை வரை வந்துவிட்டது, ஓடைக்கரைக்குத்தான் இன்னும் வரவில்லை.

இதுபற்றி முன்பு ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். நீர் மாதிரி எடுத்துப் போனார்கள், முடிவு எங்களுக்கு வரவில்லை.

ஆகவே, எங்கள் நீர்மூலங்களை முறையாகப் பரிசோதித்து முடிவைத் தமிழில் எழுதித் தருமாறு முதலில் கேட்கிறோம். வெயில் காலத்தில் எடுத்தால் பயனில்லை. மருந்தடிப்பு மும்முரமாக இருக்கும் மழைநாட்களில், மழை பெய்து ஓய்ந்ததும் எடுக்க வேண்டும். அப்புறம், மருந்து கலக்கவும் டாங்கி கழுவவும் ஓடையை விட்டுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டிகள் வேண்டும். அவை இல்லாமல் கரையில் கழுவாதே என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வெற்றுப் போத்தல்களைக் கமநல சேவை நிலையத்தில் திரும்பப் பெற ஏற்பாடு செய்யுங்கள். எந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்பதைத் தோட்டத்துக்கே வந்து சொல்லித்தரத் தமிழ் பேசும் விவசாயப் போதனாசிரியர் ஒருவரை அனுப்புங்கள்.

வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதிகாரிகள் ஒருமுறை நேரில் வந்து பார்க்கவேண்டும் எனத் தாழ்மையுடன் வேண்டுகிறோம். ஓடையோரம் முழுவதும் கூட வந்து காட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கீழே ஒப்பமிட்டுள்ள நானுஓயாப் பகுதி மக்கள்